ஆச்சியின் நிறத்தை மாற்றச் சொன்னது யார்?

ஆச்சியை வேறு யாரோ ஒருத்தி ஆக்கிக் கொடுத்துவிட்டார்கள். திருநெல்வேலியில் பெயர்பெற்ற ஒரு ஸ்டூடியோவில் 12க்கு 18 அங்குல அளவில் அச்சிட்டு, சட்டம் போட்டு வாங்கி வந்த படத்தில் இருப்பவர் எங்கள் ஆச்சியே இல்லை.

படம் நான் எடுத்தது. திண்ணையில், காலை வெயிலில். நல்ல கறுப்பு நிறம், கன்னம் முழுக்கச் சுருக்கம், முன்கையில் சின்ன வயதில் பச்சை குத்திய கோலம். பாம்படம் போட்டு வளர்த்த காது தோளைத் தொடும். பாம்படத்தை அத்தை கல்யாணத்துக்கு விற்றாயிற்று, வெறும் காதுதான் மிச்சம். அந்தக் காதுக்காகவும் அந்தக் கைக்காகவும்தான் பெரிதாக அச்சுப் போட நினைத்தேன்.

அச்சில் வந்த ஆச்சி கோதுமை நிறம். கன்னத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. கையிலிருந்த பச்சைக் கோலத்தை அழுக்கு என்று நினைத்தார்களோ என்னவோ, தடம் தெரியாமல் துடைத்துவிட்டார்கள். காதின் விளிம்பு பின்சுவரோடு கரைந்துவிட்டது. வெள்ளைச் சேலையில் ஒரு மடிப்புகூட இல்லை, வெறும் வெளுப்பு. அம்மா படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "யாருடைய படத்தையோ மாற்றிக் கொடுத்துவிட்டானோ?" என்றார்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் மரியாதையானவன்தான். "எல்லாருக்கும் இப்படித்தான் செய்து கொடுக்கிறோம் அண்ணாச்சி. வெளுப்பாக்காமல் கொடுத்தால் சண்டைக்கு வருகிறார்கள்" என்றான். இதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கோபம் கூடியது. கேட்பவர்களுக்குச் செய்து கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்காதவருக்கு ஏன்? அந்தக் காலத்திலும் நெகட்டிவில் பென்சிலை வைத்துப் பருவையும் தழும்பையும் மறைத்தார்கள். ஆனால் ஸ்டூடியோக்காரர், "மருவை எடுத்துவிடவா, இருக்கட்டுமா?" என்று கேட்பார். 36 படம் கொண்ட சுருளைக் கழுவக் கொடுத்துவிட்டு நாள் கணக்கில் காத்திருந்தாலும், வருவது நம் வீட்டு ஆட்களாகத்தான் இருக்கும்.

நான் இருக்கும் ஜெர்மனியில் சோப்பும் பற்பசையும் விற்கும் கடையிலேயே படம் அச்சிடும் இயந்திரம் நிற்கிறது. கைப்பேசியை இணைத்து, நாமே அளவைத் தேர்ந்தெடுத்து, நாமே வெட்டி, சில நிமிடங்களில் எடுத்துக்கொண்டு போகலாம். முகம் தெரிந்த மனிதர் எவரும் அங்கே இல்லை, படத்தில் இருப்பது யார் என்று விசாரிக்கவும் ஆள் இல்லை. அந்தத் தனிமை எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த இயந்திரம் யாருடைய கையிலிருந்தும் பச்சையை அழித்ததில்லை.

இதில் பையனின் பங்கு பாதி, மென்பொருளின் பங்கு பாதி. தானியங்கித் திருத்தம் என்பது படத்தின் மொத்த வெளிச்சத்தையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்கு இழுக்கப் பார்க்கும். படத்தில் கரிய முகம் பெரிதாக இருந்தால் அதைக் குறை என்று எடுத்துக்கொண்டு வெளுக்கும். சேலை வெளுத்துப்போனதும் அதனால்தான். அதற்கு மேல் தோலை வழவழப்பாக்கும் இன்னொரு கட்டளை. இரண்டையும் நிறுத்திவிட்டு அச்சிட்டால் போதும்.

இன்னொன்று, "வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்" என்பார்கள். அனுப்பாதீர்கள். 12 மெகாபிக்சல் கைப்பேசிப் படம் 4,000க்கு 3,000 புள்ளி. 12க்கு 18 தாளில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 222 புள்ளி விழும், சுவரில் மாட்டத் தாராளம். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், பெரிய தாளில் காது விளிம்பும் மயிரிழையும் கலங்கிப்போகும். பென் டிரைவில் கொடுங்கள், அல்லது கோப்பாக அனுப்புங்கள். கைப்பேசிப் படத்தின் நீள அகல விகிதம் 4க்கு 3, ஸ்டூடியோவில் மேக்ஸி சைஸ் என்று சொல்லும் தாளோ 6க்கு 4 அங்குலம். குறுகிய பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். குழுப் படமாக இருந்தால் பின்வரிசைக்காரரின் தலையோ முன்வரிசைக்காரரின் காலோ போகும். வெட்டும் இடத்தை நீங்களே முடிவு செய்துகொண்டு போங்கள்.

மறுநாள் "திருத்தம் எதுவும் வேண்டாம், வந்தபடியே அச்சிடு தம்பி" என்று பக்கத்தில் நின்று வாங்கினேன். ஆச்சி வந்துவிட்டார், காதும் கையும் சேர்த்து. இரண்டாவது அச்சுக்கும் காசு வாங்கிக்கொண்டார்கள், அதில் எனக்கு வருத்தம் உண்டு.

நம்மைக் கேட்காமல் தானே முடிவு செய்துவிடுகிறது என்ற இதே மனத்தாங்கல்தான் கணக்கு எழுதும் செயலியிலும். ஆச்சியின் செலவை நானும் தங்கையும் பங்கிட்டுக்கொள்கிறோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. கணக்கை வெளிநாட்டுக் கைப்பேசி எண்ணோடு யு.பி.ஐ.யில் இணைக்க 2023 ஜனவரியில் 10 நாடுகளுக்கு வழி திறந்தார்கள், அந்தப் பட்டியலில் ஜெர்மனி இல்லை. ஆகவே ஊரில் எல்லாம் தங்கை கைப்பேசியில்தான். பூக்காரம்மாவுக்குக்கூட அவர் காட்டும் கியூ.ஆர். அட்டையைப் படித்துப் பணம் போய்விடுகிறது. ஜெர்மனியில் இன்னும் சில்லறை எண்ணுகிற கடைகள் உண்டு, அந்த வகையில் ஊர் எங்கேயோ போய்விட்டது.

ஆனால் வங்கிக் குறுஞ்செய்தியைப் படித்துத் தானே கணக்கு எழுதும் செயலியைத் திறந்து பார்த்தால் பால்காரர், பூக்காரம்மா, ஊசி போட வரும் நர்ஸ் எல்லாரும் 'பணப் பரிமாற்றம்' என்ற ஒரே தலைப்பில் கிடக்கிறார்கள். மருந்துக்கடை 'ஷாப்பிங்'. ஆச்சியின் மாத்திரைக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்ற ஒரே கேள்விக்கு அதில் பதில் இல்லை. வங்கிப் பட்டியலைப் பார்த்தாலோ 12 இலக்கப் பரிமாற்ற எண்ணும், பாதியில் அறுந்த பெயரும்.

கடைசியில் குனுகேஷ் (GnuCash) என்ற கணக்கு எழுதும் மென்பொருளுக்கு வந்தேன். இலவசம், 1998இலிருந்து இருக்கிறது, வரவும் பற்றும் எழுதும் பழைய இரட்டைப் பதிவு முறை. பார்க்க வறட்சியாக இருக்கும், பழகச் சில நாள் ஆகும். ஆனால் தலைப்பு நாம் வைப்பதுதான். 'ஆச்சி மருந்து', 'ஆச்சி நர்ஸ்' என்று வைத்தேன். ரூபாயும் யூரோவும் தனித்தனியாக நிற்கின்றன. பணம் அனுப்பும்போதே குறிப்பு இடத்தில் இரண்டு சொல் தட்டிவிடு என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். எங்கள் வங்கிப் பட்டியலில் அந்தக் குறிப்பு வருகிறது. பூக்காரம்மாவுக்குப் பணம் போடும் அவசரத்தில் மட்டும் மறந்துவிடுகிறாள், அதை ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.