திருகோணமலைப் போர்க் கல்லறை: போகுமுன் பெயரைத் தேடிப் பாருங்கள்

நகரிலிருந்து நிலாவெளி வீதியில் ஏறத்தாழ 6 கிலோமீற்றர் வடக்கே இருக்கிறது, இரண்டாம் உலகப் போரில் இறந்த பிரித்தானியத் தரப்புப் படையினரின் இந்தக் கல்லறை. உப்புவெளியில் சிறிய விடுதி நடத்துகிறவள் என்பதால் விருந்தினரோடு அடிக்கடி போய்வருகிறேன். பராமரிப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. புல் ஒட்ட வெட்டியிருக்கிறது, எழுத்துகளைச் சிரமமின்றி வாசிக்கலாம். அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சின்னக் கல் என்ற பேதம் இல்லை. 1917இல் தொடங்கிய பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு உலகெங்கும் கடைப்பிடிக்கும் விதி அது. நம் பொதுமயானங்களை நினைத்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது. கட்டணம் கிடையாது.

ஆனால் தேடி வந்தவர் இங்கேதான் இருக்கிறார் என்பது நிச்சயமில்லை. அண்மையில் என்னிடம் தங்கிய ஆங்கிலேயப் பெண்மணி, தன் பாட்டியின் தம்பியைத் தேடி வந்தவர். பிளென்ஹீம் குண்டுவீச்சு விமானி. இருபதுகளின் தொடக்கத்திலேயே போய்ச் சேர்ந்த பிள்ளை. ஒரு சுற்றுலா முகவர், "திருகோணமலையில்தான் புதைத்திருக்கிறார்கள்" என்று அடித்துச் சொல்லி, வான் வாடகையையும் முன்கூட்டியே வாங்கிவிட்டார்.

வரிசை வரிசையாக நடந்தோம். புல் வெட்டிக்கொண்டிருந்தவர், "அந்தப் பெயர் இங்கே இல்லை, அக்கா" என்றார். நிழலில் உட்கார்ந்து ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டினோம். இலவசம்தான். பதவி, படைப்பிரிவு, இறந்த நாள், எல்லாம் வந்தன. அடக்கம் செய்த இடம் இருக்க வேண்டிய வரியில் சிங்கப்பூர் நினைவுச்சின்னம் என்றிருந்தது, பெயர் பொறித்த பத்தியின் இலக்கத்தோடு.

காரணம் எளியது. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அன்றே, அப்போது விமானத்தளமாக இருந்த கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து கிளம்பிய பிரித்தானிய விமானப்படை 11ஆம் படைப்பிரிவின் பிளென்ஹீம்கள் ஒன்பது, ஜப்பானியரின் விமானந்தாங்கிக் கப்பல்களைக் கடலில் கண்டுபிடித்துக் குண்டு வீசின. ஒன்றும் படவில்லை. ஐந்து விமானங்கள் திரும்பவில்லை, ஒவ்வொன்றிலும் மூவர். கடலோடு போனவர்களுக்குக் கல்லறை ஏது? இந்தப் பகுதியில் அப்படி மறைந்த விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள அந்த நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உடல் கிடைக்காதவனுக்கும் ஓர் இடத்தில் பெயர் உண்டு என்பதை எங்கள் ஊர்க்காரர் கொஞ்ச நேரம் நின்றுதான் யோசிப்பார்கள்.

அந்தப் பெண்மணி அழவில்லை. வந்ததற்காக மற்றப் பையன்களின் கற்களை வாசித்துக்கொண்டே ஒரு சுற்று நடந்தார். ஊர் திரும்பும் பயணத்தைச் சிங்கப்பூர் வழியாக மாற்றிக்கொண்டார்.

ஆகவே, கல்லறைக்கும் இணையத்தளத்துக்கும் தாராளமாக ஐந்து நட்சத்திரம். பெயரை வீட்டிலேயே தேடிவிட்டு வாருங்கள். வெயில் ஏறுமுன் போங்கள், தண்ணீர்ப் போத்தலை மறக்காதீர்கள். வான் எதற்கு? நகரிலிருந்து நிலாவெளி பஸ்ஸே போதும். வாடகையில் பாதியைத் திருப்பிக் கேட்டதற்கு அந்த முகவர், "இடத்தைக் காட்டினோமே" என்றாராம்.