உதட்டுக்கு ஹையலூரான் பென் வாங்கலாமா? வேண்டாம், காரணம் இதோ

கல்யாண மேக்கப் செய்யும் என் சித்தி மகள் ஆன்லைனில் ஒரு ஹையலூரான் பென் வாங்கிவிட்டு, "அக்கா, நீ தோல் டாக்டர்கிட்டதானே நர்ஸா இருக்கே, மணப்பெண்களுக்கு இதை வெச்சு உதடு பெரிசாக்கலாமான்னு பார்த்துச் சொல்லேன்" என்று என்னிடம் கொடுத்தாள். பார்த்தேன். ஐந்துக்கு ஒரு ஸ்டார்கூட என்னால் தர முடியவில்லை.

முதலில் பொருளைப் பற்றி. ஸ்பிரிங் வைத்த ஒரு உலோகப் பேனா, ஜெல்லை நிரப்ப 0.3, 0.5 மில்லி பிடிக்கிற சின்ன பிளாஸ்டிக் குப்பிகள் (ஆம்பியூல்), ஒரு அடாப்டர். கையில் கனமாக, நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்பிரிங்கை முறுக்கி, முனையைத் தோலில் அழுத்தி, பட்டனைத் தட்டினால், உதட்டைப் புடைக்க வைக்கிற ஜெல் (ஃபில்லர் என்பார்கள், பொதுவாக ஹையலூரானிக் ஆசிட்) நூல்போல வேகமாகப் பீய்ச்சி, தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். இன்சுலின் போடவும் இந்த வகைக் கருவிகள் உண்டு, ஆனால் இன்சுலின் உடம்பில் கரைந்து போய்விடும், ஃபில்லர் ஜெல் மாதக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

உப்புத் தண்ணீரில் உணவுக் கலர் கலந்து, தோலோடு இருந்த கோழித் துண்டில் அடித்துப் பார்த்தேன். கொஞ்சம் இறுக்கி அழுத்தினால் ஆழமாகப் போகிறது, லேசாகப் பிடித்தால் பாதி மேலேயே வழிகிறது, ஒரே இடத்தில் இரண்டு முறை அடித்தால் இரண்டும் வேறு வேறு ஆழத்தில் நிற்கிறது. கலர் எங்கே போய் நின்றது என்று வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். மனுஷ உதட்டை வெட்டிப் பார்க்க முடியாதே.

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்றால், அங்கே ஓடுகிற ரத்தக்குழாய்தான் காரணம். பல்லைக் கடித்துக்கொண்டு தாடை ஓரத்தில் விரல் வைத்துப் பாருங்கள், புடைக்கிற தசைக்குச் சற்று முன்னால் ஒரு துடிப்பு கிடைக்கும், அதுதான் முகத் தமனி. கழுத்திலிருந்து வந்து தாடையைத் தாண்டி, வளைந்து நெளிந்து வாயோரம் போய், கீழுதட்டுக்கு ஒரு கிளை, மேலுதட்டுக்கு ஒரு கிளை கொடுத்துவிட்டு, மூக்கோரமாக ஏறிக் கண்ணின் உள்மூலை வரை போகிறது. உதட்டுக் கிளைகள் பலருக்கும் உட்பக்கச் சவ்வுக்கு அருகில் இருக்கும், சிலருக்குத் தசைக்குள், சிலருக்குத் தோலுக்குக் கிட்டே. ஒரே ஆளுக்கு வலமும் இடமும்கூட ஒன்றுபோல இருக்காது.

கண் மூலையில் இந்தத் தமனி கண்ணுக்கு ரத்தம் தரும் தமனியின் கிளைகளோடு சேர்கிறது. அதனால் குழாய்க்குள் அழுத்தத்தோடு ஜெல் புகுந்தால் ரத்த ஓட்டத்தையே எதிர்த்துப் பின்னோக்கிப் போகலாம், அழுத்தம் நின்றதும் ரத்தம் அதைத் தள்ளிக்கொண்டு போய் விழித்திரையின் தமனியை அடைக்கலாம். 2015-இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை, ஊசியால் போட்ட ஃபில்லர்களால் பார்வை பாதிக்கப்பட்டதாக அதுவரை உலகம் முழுக்கப் பதிவான 98 பேரைத் தொகுத்தது. புருவ மத்தி முதலிடம், மூக்கு அடுத்தது, மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்குகிற மூக்கோரக் கோடு மூன்றாவது. என் கைக்கு வந்த பெட்டியில் இருந்த தாளோ, மூக்கோரக் கோட்டுக்கும் இதை அடிக்கலாம் என்று படம் போட்டுக் காட்டுகிறது! எனக்கு வயிறு எரிந்தது.

அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021 அக்டோபரில், ஊசியில்லாத கருவிகளால் ஃபில்லர் போட வேண்டாம் என்று மக்களையும் மருத்துவர்களையும் எச்சரித்தது. ஜெல் எங்கே போய் நிற்கும் என்பதைக் கட்டுப்படுத்த முடியாது என்பதுதான் அவர்கள் சொல்கிற காரணமும்.

சரி, கிளினிக்கில் போட்டால் ஆபத்தே இல்லையா? உண்டு. ஆனால் அங்கே டாக்டர் துளித்துளியாக, மெதுவாகத் தள்ளுவார், இடத்துக்கு ஏற்ப கூர் ஊசிக்குப் பதில் மழுங்கிய முனை கேனுலா (மெல்லிய குழாய்) எடுப்பார், போடும்போதே தோல் வெளுக்கிறதா என்று பார்ப்பார், விரலால் அழுத்திவிட்டு ரத்தம் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று கவனிப்பார். எல்லாவற்றையும்விட, பக்கத்தில் ஹையலூரானிடேஸ் இருக்கும், ஹையலூரானிக் ஆசிட் ஜெல்லைக் கரைக்கிற மருந்து அதுதான். போவதற்கு முன் அது இருப்பில் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். பேனா வாங்கி வைத்திருக்கிற பார்லரில் அது இருக்காது, இருந்தாலும் எவ்வளவு போடுவது என்று யாருக்குத் தெரியும்?

தங்கையிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவளும் புரிந்துகொண்டாள். அப்புறம், இந்தப் பேனாவால் ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்களுக்கு: தோல் வெளுத்துப்போவது, வலைபோல ஊதா நிறம் படர்வது, கூடிக்கொண்டே போகிற வலி, இதில் எது வந்தாலும் அன்றைக்கே தோல் டாக்டரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ போங்கள். மரத்துப்போகும் மருந்து கலந்த ஜெல் என்றால் வலி தெரியத் தாமதமாகும், அதனால் வலி இல்லையே என்று உட்கார்ந்திருக்காதீர்கள். கண் மங்கினாலோ திடீரென்று கண் வலித்தாலோ நேராகக் கண் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு, அதுவும் உடனே, ஏனென்றால் ரத்தம் இல்லாமல் விழித்திரை நிமிடக் கணக்கில்தான் தாங்கும். ஜெல் வந்த பாட்டிலையோ அட்டையையோ கையோடு எடுத்துப் போங்கள், உள்ளே போனது ஹையலூரானிக் ஆசிட்தானா என்பதை டாக்டர் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.