காசு தரும் மூளை ஆய்வு: போகலாமா?
பெங்களூரு யஷ்வந்த்பூர் பக்கம் ஓர் ஆய்வகத்தில் இஇஜி (மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை) பதிவுக்குப் போய் வந்தேன். ஒப்புதல் படிவத்தைத் தமிழிலேயே கொடுத்து, ஆய்வு மாணவி அக்கா வரிவரியாக விளக்கினார். பாதியில் எழுந்து போகலாம், காரணம் சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே சொன்னது பிடித்தது.

தலையில் தொப்பி மாட்டி, ஒவ்வொரு ஓட்டையிலும் சிரிஞ்சால் ஜெல் விடுவார்கள். வலிக்காது, சில்லென்றிருக்கும். ஆனால் முடியில் காய்ந்தால் லேசில் போகாது. துண்டு கொண்டு போங்கள். கண் சிமிட்டினாலே பதிவில் பெரிய அலை விழும் என்பதால் திரையையே வெறித்துப் பார்ப்பதுதான் பெரிய அலுப்பு.

பணம்தான் குறை. பேசிய தொகையை வாரக்கணக்கில் இழுத்தடித்தார்கள். மெட்ரோ செலவையும் கேட்டுத்தான் வாங்கினேன். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைகளே பயணச் செலவைத் தரலாம் என்கின்றன. அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள், கையெழுத்துப் போடும் முன்பே.