ஃபங்க் சின்த் மாதிரி பேஸ் சவுண்டுக்காக வாங்குன ஃபில்டர் பெடல்: நாலு மாசம் கழிச்சு

பேஸ் கிட்டார்ல அந்த 70கள் ஃபங்க் மியூசிக்ல வர்ற சின்த் (சின்தசைசர், மின்சாரத்துல சத்தத்தை உண்டாக்கற கருவி) சவுண்டு, அதான் வாயைத் தொறந்து தொறந்து மூடற மாதிரி "க்வாவ் க்வாவ்"னு ரப்பரா இழுத்துக்கிட்டு போகுமே, அது வேணும்னு ரொம்ப வருஷமா ஒரு கிறுக்கு. அதுக்காக ஒரு என்வலப் ஃபில்டர் பெடல் (ஸ்ட்ரிங்கை அடிக்கற பலத்துக்கு ஏத்த மாதிரி சத்தத்தை வெட்டித் தொறந்து மூடற, காலால அமுக்கற பெட்டி) வாங்கி நாலு மாசம் ஆச்சு. பழைய மியூ-ட்ரான் 3ங்கற பெடலோட டிசைனை வச்சு செஞ்சது. இந்த வகையில ஏகப்பட்ட பேர் செய்யறாங்க, நான் திட்டப்போறதும் கொஞ்சம் இருக்கு, அதனால கம்பெனி பேரை விட்டுடறேன்.

மொதல்ல எந்த சத்தத்தைப் பிடிக்கப் போறோம்ங்கறதுல தெளிவா இருக்கணும். ஏன்னா இங்க ரெண்டு வேற வேற சத்தம் இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சுக்கிட்டு நானே பாதி நாளை வீணாக்குனேன். ஒண்ணு ஃபங்க் பேஸ் கிட்டாரிஸ்ட் பூட்ஸி காலின்ஸ் வாசிக்கறது. அது நெஜ பேஸ் கிட்டார், மியூ-ட்ரான் 3 வழியா வருது, அந்தப் பெடல் 1972ல வந்தது, டிசைன் பண்ணவர் மைக் பீகல். இன்னொன்னு பார்லமென்ட்ங்கற ஃபங்க் பேண்டோட 1977 ஆல்பத்துல இருக்கற ஃப்ளாஷ் லைட்ங்கற பாட்டு. அந்த பேஸ் லைனை பேண்டோட கீபோர்டு கலைஞர் பெர்னி வோரல் வாசிச்சது கிட்டார்ல இல்ல, மினிமூக் சின்தசைசர்ல. நம்மாளுங்க நெட்ல "இந்த டோன் எந்த பெடல்"னு கேக்கறது முக்காவாசி ரெண்டாவதைத்தான், ஆனா வாங்கிட்டு வர்றது மொதல் சத்தத்துக்கான பெடலை. நானும் அப்படித்தான் மாட்டுனேன்.

பெட்டியில என்ன இருக்குன்னு சட்டுனு சொல்லிடறேன். கெயின் (உள்ள வர்ற சிக்னலை எவ்வளவு ஏத்தணும்), பீக் (ஃபில்டர் எவ்வளவு கூர்மையா இருக்கணும்)னு ரெண்டு நாப், லோ பாஸ் பேண்ட் பாஸ் ஹை பாஸ் (கீழ் சத்தம், நடு சத்தம், மேல் சத்தம், எதை உள்ள விடணும்) மாத்த ஒரு சுவிட்ச், ரேஞ்சுக்கு ஒண்ணு, ஃபில்டர் மேல ஏறணுமா கீழ இறங்கணுமான்னு ஒண்ணு. எல்லாம் பழைய மியூ-ட்ரான்ல இருந்ததுதான். பின்னாடி எக்ஸ்ட்ராவா சென்ட், ரிட்டர்ன்னு ரெண்டு ஜாக். அதைப் பத்தி மேனுவல்ல ஒரே ஒரு வரி, அதுவும் புரியாத மாதிரி. கடைசியில அந்த ரெண்டு ஓட்டைதான் இந்தப் பெடலுக்கே உயிர்னு தெரிஞ்சுது.

மொத நாள் நேரா பேஸ்ல இருந்து பெடல், பெடல்ல இருந்து ஆம்ப். வந்தது என்ன, வாத்து கத்தற சத்தம். நல்ல வாத்துதான், குறை சொல்ல முடியாது, ஆனா சின்த் இல்ல. காரணம் யோசிச்சா சிம்பிள். ஃபில்டர் புதுசா எதையும் உண்டாக்காது, உள்ள வர்றதுல இருந்து வெட்டத்தான் செய்யும். பேஸ் ஸ்ட்ரிங்ல அடிச்ச அந்த நிமிஷம்தான் ஹார்மானிக்ஸ் (நோட்டோட கூடவே ஒலிக்கற மேல் சுரங்கள்) பளபளன்னு இருக்கும், அப்புறம் சட்டுனு மங்கிடும், ஃபில்டர் மூடிக்கிட்டே வரும்போது அங்க வெட்டறதுக்கே ஒண்ணும் மிச்சம் இருக்காது. மினிமூக்ல மூணு ஆசிலேட்டர் (சத்தத்தை உண்டாக்கற சர்க்யூட்), கீயை அமுக்கிப் பிடிச்சிருக்கற வரைக்கும் ஹார்மானிக்ஸ் குறையாது, அதை ஆக்டேவுக்கு (ஒரு ஸ்தாயிக்கு) 24 டெசிபல் வெட்டற ஃபில்டர் கடிச்சு இழுக்குது. மியூ-ட்ரான் வகை ஆக்டேவுக்கு 12 டெசிபல்தான், அதனால இயல்பாவே கொஞ்சம் சாதுவா இருக்கும்.

சரி, அப்போ ஃபில்டருக்குத் தீனி போடணும். மொதல்ல ஒரு பழைய டைப் அனலாக் ஆக்டேவ் பெடல். இது நோட்டை எடுத்து பாதி ஃப்ரீக்வென்ஸியில கிட்டத்தட்ட ஸ்கொயர் வேவா திருப்பிக் குடுக்கும், அந்த மொண்ணையான சத்தமே பாதி சின்த்தான். ஆனா ஓப்பன் ஈ ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ், அதுக்கு ஒரு ஆக்டேவ் கீழ போனா 20 சொச்சம், ஸ்பீக்கர் மூச்சு விடறதுதான் கேக்கும், ட்ராக்கிங்கும் (பெடல் நோட்டை அடையாளம் கண்டுபிடிக்கறது) கெக்கபிக்கன்னு உளறும். அதனால கையை மேல ஏத்திக்கணும். ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல, முடிஞ்சா டி, ஜி ஸ்ட்ரிங்ல, ஒரு நேரத்துக்கு ஒரே நோட்டு. டோன் நாபை மூடிட்டு கழுத்துப் பக்கத்து பிக்கப்பை மட்டும் வச்சா உளறல் பாதி குறையும். அடுத்தது ஃபஸ், சத்தத்தைக் கரகரன்னு உடைக்கற பெடல். ஆக்டேவ்ல இருந்து ஃபஸ்ஸுக்குப் போனா சத்தம் தடிச்சு, அறுத்து விட்ட ரம்பம் மாதிரி வந்துடும், ஃபில்டருக்கு விருந்து.

இங்கதான் வில்லங்கம். ஃபஸ் எல்லா நோட்டையும் ஒரே லெவலுக்கு நசுக்கிடும். ஆனா என்வலப் ஃபில்டர் எப்போ தொறக்கணும்னு முடிவு பண்றதே நீங்க எவ்வளவு பலமா அடிச்சீங்கங்கறதை வச்சுத்தான். நசுக்குன சிக்னலை அதுகிட்ட குடுத்தா அதுக்கு எல்லாமே பலமாத்தான் தெரியும், தொறந்த வாய் தொறந்தபடியே நிக்கும். மூணு வாரம் நான் கெயினை ஏத்தறதும் இறக்கறதுமா இருந்தேன், நடுவுல "சரி கம்ப்ரஸர் போடுவோம்"னு, அதாவது பலமா அடிச்சதையும் மெதுவா அடிச்சதையும் கிட்டத்தட்ட ஒரே லெவலுக்குக் கொண்டுவர்ற பெடல், ஃபில்டருக்கு முன்னாடி ஒண்ணைச் சொருகி இன்னும் கெடுத்துக்கிட்டேன். ரிகர்சல்ல ட்ரம்மர் அண்ணன் பொறுத்துப் பார்த்துட்டு, "தம்பி, தண்ணிக்குள்ள இருந்து யாரோ திட்டற மாதிரியே இருக்குடா"ன்னாரு.

அப்புறம் ஒரு ராத்திரி சும்மா அந்த சென்ட், ரிட்டர்ன் ஜாக்குக்கு நடுவுல ஆக்டேவையும் ஃபஸ்ஸையும் சொருகிப் பார்த்தேன். அவ்வளவுதான், கதவு தொறந்துக்கிச்சு. இந்த லூப் (சென்ட்ல வெளிய போன சிக்னல் ரிட்டர்ன்ல திரும்பி வர்ற சுத்து) என்ன பண்ணுதுன்னா, எப்போ எவ்வளவு தொறக்கணும்னு முடிவு பண்றது சுத்தமான பேஸ் சிக்னல், ஆனா ஃபில்டருக்குள்ள போறது ஃபஸ் அடிச்ச சிக்னல். கை சொல்றதையும் கேக்குது, ரம்பச் சத்தத்தையும் மெல்லுது. எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கம்பெனியோட க்யூ-ட்ரான் பிளஸ் பெடல்லயும் இதே ஐடியாவுல லூப் உண்டு, அந்த க்யூ-ட்ரானும் அதே மைக் பீகல் டிசைன்தான். லூப் இல்லாத ஃபில்டர் வச்சிருக்கவங்க ஃபஸ்ஸை ஃபில்டருக்குப் பின்னாடி போட்டுப் பாருங்க, ஓரளவு தேறும், ஆனா வாய் தொறக்கற அழகு மங்கிடும்.

என்னோட செட்டிங் லோ பாஸ், லோ ரேஞ்ச், மேல ஏறற பக்கம், பீக் பாதிக்குக் கொஞ்சம் மேல. கெயின் மட்டும் உங்க பேஸைப் பொறுத்து மாறும், ஆக்டிவ் பேஸ்னா (உள்ளயே பேட்டரியில ஓடற ப்ரீஆம்ப் இருக்கறது) ரொம்பக் கம்மியா வச்சு ஆரம்பிங்க. ரொம்ப பலமா அடிச்சாத்தான் முழுசா தொறக்கணும், சும்மா தொட்டா லேசா முனகணும். ஆக்டேவ் பெடல்ல ஒரிஜினல் சத்தத்தைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துடுங்க, அது கலந்தா கிட்டார்னு காட்டிக் குடுத்துடும்.

அப்புறம் கை. சின்த்ல கீயை விட்டதும் சத்தம் கட்டாயிடும், ஸ்ட்ரிங் அப்படி இல்ல, விட்ட அப்புறமும் ஈனஸ்வரத்துல முனகிட்டே இருக்கும், ஃபஸ் அந்த முனகலையும் பெருசாக்கிக் காட்டும். அதனால ஒவ்வொரு நோட்டையும் இடது கையால வேணும்னே வெட்டணும், அடுத்த நோட்டுக்கு முன்னாடி ஒரு துளி மௌனம் வேணும், அந்த இடைவெளியிலதான் ஃபில்டர் முழுசா மூடி மறுபடி தொறக்கத் தயாராகும். வேகமா பதினாறாம் நோட்டா அடிச்சுத் தள்ளுனா பாதியிலயே நிக்கும். இடம் விட்டு வாசிக்கறவங்களுக்கான பெடல் இது. அப்பப்போ ரெண்டு ஃப்ரெட் தள்ளி சறுக்கிப் போங்க, மினிமூக்ல ஒரு நோட்டுல இருந்து இன்னொன்னுக்கு வழுக்குமே, அந்த ஞாபகம் வரும்.

குறைன்னா, கெயின் நாப்ல வேலை செய்யற இடம் ஒரு நெல்லு அகலம்தான், கால் பட்டா போச்சு. பீக்கை ஏத்துனா ஏதாவது ஒரு நோட்டு மட்டும் திடீர்னு குண்டு போட்ட மாதிரி எகிறும், நான் கடைசியில ஒரு லிமிட்டர் (சத்தம் ஒரு அளவுக்கு மேல போகாம தடுக்கறது) வச்சு அடக்கியிருக்கேன், ஆம்ப்ல வாசிக்கறவங்க இதை லேசா எடுத்துக்காதீங்க. ஆன் பண்ணும்போது "டப்"னு ஒரு சத்தம். லூப் ஜாக் ரெண்டும் லொடலொடன்னு இருக்கு. ஒரு நாள் ரிட்டர்ன்ல பேட்ச் கேபிள் அரைகுறையா நின்னு மொத்த சத்தமும் போயிடுச்சு, நான் ஆம்ப் ஃப்யூஸ் வரைக்கும் கழட்டிப் பார்த்துட்டேன். இப்போ அந்த ரெண்டு கேபிளையும் டேப் போட்டு பெடல் மேலயே ஒட்டி வச்சிருக்கேன், கெயின் நாப் எங்க நிக்கணும்னு வெள்ளை பெயின்ட்ல ஒரு புள்ளியும்.