பழைய பிஸ்டலுக்குப் புது ரீகாயில் ஸ்பிரிங்: அதே விசையா, கூடுதலா, குறைவா?

சுட்டதும் பின்னால் போகும் ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல்பாகம்) மீண்டும் முன்னுக்குத் தள்ளுவது ரீகாயில் ஸ்பிரிங். கைமாறி வந்த பிஸ்டலில் கிடக்கும் ஸ்பிரிங் எவ்வளவு சுட்டுத் தேய்ந்தது, முன்பு வைத்திருந்தவர் எந்த விசையில் மாட்டினார் என்பது தெரியாது. மலிவான பாகம்தான், யோசிக்காமல் மாற்றிவிடலாம். யோசிக்க வேண்டியது எதை மாட்டுவது என்பதைத்தான்.

எங்கள் பரிந்துரை, முதலில் தொழிற்சாலை விசையே. 5 அங்குலக் குழல் கொண்ட .45 1911-க்கு 16 பவுண்டு, அதன் குட்டை வடிவமான 4.25 அங்குல கமாண்டருக்கு 18, பெரெட்டா 92-க்கு 13. ஸ்லைடு முழுக்கப் பின்னால் வந்த நிலையில் ஸ்பிரிங் தரும் விசை இது. இதை மாட்டிய பிறகும் கோளாறு தொடர்ந்தால், மேகசினையோ (தோட்டாப் பெட்டி) எக்ஸ்ட்ராக்டரையோ (காலிக் கூட்டை இழுக்கும் கொக்கி) தைரியமாகச் சந்தேகிக்கலாம்.

ஃபிரேம் (கைப்பிடியுள்ள அடிப்பாகம்) அடிபடாமல் இருக்கட்டும் என்று இரண்டு மூன்று பவுண்டு கூட்டி மாட்டுபவர்கள் உண்டு. வழக்கமாகவே வீரியம் கூடிய தோட்டா சுட்டால் அதில் நியாயம் இருக்கிறது. சாதாரணத் தோட்டாவுக்கு அது தொல்லை. ஸ்லைடு முழுத் தூரம் பின்வாங்காது. காலிக் கூடு வெளியேறாமல் நட்டுக்கொண்டு சிக்கும். கடைசித் தோட்டாவுக்குப் பின் ஸ்லைடு திறந்து நிற்காது. முன்னோக்கி வரும் வேகமும் கூடிவிடுவதால், மேகசின் அடுத்த தோட்டாவை மேலே தள்ளும் முன் ஸ்லைடு அதைத் தாண்டிவிடும். பழைய மேகசின் ஸ்பிரிங் என்றால் இது இன்னும் அதிகம்.

விசை குறைந்த ஸ்பிரிங் இலக்குப் போட்டிக்கான மென்தோட்டாவுக்கு மட்டும். அதோடு முழு வீரியத் தோட்டா சுட்டால் ஸ்லைடு ஃபிரேமில் மோதும், கூடுகள் வெகுதூரம் பறக்கும்.

படிப்படியாக விசை ஏறும் ஸ்பிரிங்கில் ஸ்லைடை இழுப்பது சுலபம். ஆனால் ஸ்லைடு மூடிய நிலையில் அதன் பிடி சாதாரண ஸ்பிரிங்கைவிடக் குறைவு. சேம்பரில் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) அழுக்குச் சேர்ந்தால் கடைசி மில்லிமீட்டர் மூடாமல் நிற்கும். தட்டைக் கம்பி ஸ்பிரிங் நீண்ட நாள் உழைக்கும், பெரும்பாலும் அதற்கேற்ற கைடு ராடும் (ஸ்பிரிங்கைத் தாங்கும் தண்டு) வேண்டும்.

மாற்றும்போது தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். கண்ணாடி அணியுங்கள்: 1911-இல் புஷ்ஷிங்கை (குழல்முனை வளையம்) திருப்பும்போது பிளக்கை (ஸ்பிரிங்கின் முன்முனையை மூடும் மூடி) கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்காவிட்டால் அது முகத்துக்கே பாயும். சுருள் நெருக்கமான முனை கைடு பக்கம். புதிய ஸ்பிரிங் நீளமாகத் தெரிகிறதென்று வெட்டாதீர்கள். தோட்டாக்கள் சுட்டுக்கொண்டே போகும்போது அதுவே கொஞ்சம் படிந்து குறுகும். க்ளாக்கில் ராடும் ஸ்பிரிங்கும் ஒரே தொகுப்பு, அப்படியே மாற்ற வேண்டும். நான்காம் தலைமுறையின் இரட்டை ஸ்பிரிங் தொகுப்பு மூன்றாம் தலைமுறையில் நேரடியாகப் பொருந்தாது.

க்ளாக்குக்கு ஒரு சோதனை: காலியான பிஸ்டலைப் பாதுகாப்பான திசையில் 45 டிகிரி மேல்நோக்கிப் பிடித்து, டிரிகரை அழுத்தியபடியே ஸ்லைடை முழுக்க இழுத்து மெதுவாக விடுங்கள். தானாக முழுக்க மூட வேண்டும். பிறகு சுடுதளத்தில் மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்லைடு திறந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மேகசினை மாற்றிப் பாருங்கள். அப்போதும் நிற்காமல், மாட்டியிருப்பது கனமான ஸ்பிரிங் என்றால், தொழிற்சாலை விசைக்கே இறங்குங்கள்.