எம்ஐடியின் இலவச லீனியர் அல்ஜீப்ரா வகுப்பு: பார்த்தவன் சொல்கிறேன்

கல்லூரியில் மேட்ரிக்ஸ் (எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிய அட்டவணை) என்றால் போர்டில் எழுதியதை நோட்டில் இறக்கி, பரீட்சையில் கக்குவதுதான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாகப் போட்டுவைத்திருக்கும் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில், இந்த மேட்ரிக்ஸ் கணக்கைச் சொல்லித்தரும் லீனியர் அல்ஜீப்ரா வகுப்பு இருக்கிறது; நடத்துபவர் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங், பாட எண் 18.06. 1999-இல் பதிவானது, காசு கிடையாது. முதல் நாளே இரண்டு சமன்பாடுகளை வெட்டிக்கொள்ளும் கோடுகளாக வரைகிறார், அப்புறம் அதையே புரட்டிப்போட்டு, (2, −1), (−1, 2) என்ற இரண்டு வெக்டார்களில் (திசையும் நீளமும் உள்ள அம்புகள்) எது எவ்வளவு சேர்ந்தால் (0, 3) கிடைக்கும் என்று கேட்கிறார். விடை: முதலாவது ஒரு மடங்கு, அடுத்தது இரண்டு மடங்கு. வீடியோவை நிறுத்திவிட்டு நானே வரைந்து பார்த்தேன், அட, இவ்வளவுதானா! நிரூபணத்துக்கு முன்னால் படம், அதுதான் விஷயம். சந்தேகம் கேட்க எதிரே ஆள் இல்லை, சரி. வீட்டுக்கணக்கு போடாமல் சும்மா பார்த்தால் மூன்றாவது வகுப்பிலேயே தூக்கம் வரும்.