கார் ஷெட் சுவர் வெடிப்பு: பட்டியா, அக்ரிலிக் சீலன்ட்டா?

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டின் ஒரு சுவர் மேற்குப் பார்த்தது. சித்திரை, வைகாசி வந்தால் பிற்பகல் வெயில் முழுக்க அதன்மேல்தான். உள்பக்கம் எமல்ஷன் அடித்திருக்கிறோம். தூணும் செங்கல் கட்டும் சேருகிற இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு. தண்ணீர் பைப் நுழைகிற இடத்தில் விரல் போகும் சந்து. இதுபோக, அங்கங்கே முடி போலக் கீறல்கள்.

கீறல்களுக்கு ஒயிட் சிமெண்ட் பட்டி போதும். விலை குறைவு, எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், உப்புத்தாள் போட்டால் வழவழப்பாகிவிடும். பழைய பெயிண்ட் மேல் அப்படியே தடவக்கூடாது, பிடிக்காது. சுரண்டி, தூசி தட்டி, லேசாகத் தண்ணீர் காட்டிய பிறகே பட்டி பார்க்க வேண்டும். பைப் சந்தை சிமெண்ட் கலவை வைத்து அடைத்தேன். பட்டி மெல்லிய பூச்சுக்கானது, ஆழத்தில் அப்பினால் காய்ந்ததும் பிளந்துவிடும்.

தூணோரத்து வெடிப்புதான் என்னை அலைக்கழித்தது. இரண்டு முறை பட்டி வைத்தோம். இரண்டு முறையும் அடுத்த கோடையில் அதே கோடு, அதே இடத்தில். கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலுக்கு ஒரே அளவில் விரிவதில்லை. பூசும்போதே அந்த இணைப்பில் கோழி வலை வைத்திருந்தால் இவ்வளவு பிளந்திருக்காது. பட்டி கல் மாதிரி இறுகிவிடும், சுவர் அசைந்தால் கூட அசையாது. பட்டியின் விலை பெரிய செலவில்லை. ஒவ்வொரு முறையும் சுரண்டி, தேய்த்து, பிரைமர் அடித்து, ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரிகிறதே என்று சுவர் முழுக்கப் பெயிண்ட் அடிக்கிறோமே, அந்தக் கூலிதான் செலவு.

மூன்றாவது முறை அக்ரிலிக் சீலன்ட் வாங்கினேன். காய்ந்த பிறகும் ரப்பர் போல நீளும் அடைப்புப் பசை இது, குழாயைத் துப்பாக்கி போன்ற கருவியில் (கன்) மாட்டி அழுத்துகிற வகை. வெடிப்பை பிளேடால் கொஞ்சம் அகலமாக்கி, தூசியைச் சுத்தமாக எடுத்தேன். ஆழமான இடங்களில் முதலில் நுரைக் கயிறு திணித்தேன். சீலன்ட் இரண்டு ஓரத்தில் மட்டும் ஒட்டினால்தான் தடையில்லாமல் நீளும், பின்னாலும் ஒட்டிக்கொண்டால் கிழியும். தண்ணீர் கலந்த பொருள் என்பதால் காயும்போது உள்வாங்குகிறது. மறுநாள் இன்னொரு கை போட வேண்டியிருந்தது. ரப்பர் போல இருப்பதால் பட்டி மாதிரி உப்புத்தாளில் தேய்க்க வராது. ஈரமாக இருக்கும்போதே நனைத்த விரலால் இழுத்துச் சமப்படுத்திவிட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு அதன்மேல் எமல்ஷன் அடித்தேன், ஒட்டியது.

சிலிகான் சீலன்ட் இதைவிட நன்றாக நீளும். ஆனால் சாதாரண சிலிகான் மேல் பெயிண்ட் நிற்காது, சுரண்டி எடுத்த பிறகும் மிச்சமிருக்கிற பிசுக்கில்கூட ஒட்டாது. பெயிண்ட் அடித்த உள்சுவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

சீலன்ட் வைத்து ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும்தான் ஆகியிருக்கிறது, அதற்கு மேல் அனுபவமில்லை. இதுவரை கோடு திரும்பவில்லை.

ஷட்டர் பக்கத்தில் சாய்வாக ஓடுகிற வெடிப்பை மட்டும் எதைக்கொண்டும் அடைக்கவில்லை. இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். கோட்டைத் தாண்டி நீண்டால் அடுத்து கூப்பிட வேண்டியது பெயிண்டரை இல்லை, பொறியாளரை.